நாற்பத்தேழு கோட்டில் ஓர் எருமை

அன்று காலை பாவாயி தன் எருமையைத் திருப்பிக் கட்டினாள். நான் பின்மதிலோரம் நாற்காலியைப் போட்டு, பென்சிலைச் சீவி, தாளின் மூலையில் நேரத்தைக் குறித்து முடித்த பிறகு கட்டினாள். அதாவது, அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

முதல் நாள் எருமையின் பக்கவாட்டு உடல் முழுதாகத் தெரிந்தது. இப்போது என் முன்னால் இருந்தவை ஒரு வால், இரண்டு இடுப்பெலும்பு, சாணி காய்ந்த இரண்டு தொடை.

"ஏன் அம்மிணி, நேத்து அக்கட்டால பாத்துத்தான கட்டியிருந்த?" என்று மதிலுக்கு மேலாகக் கேட்டேன்.

"வெயில் அடிக்குதுங்க சார்."

மணி ஆறே முக்கால். வானம் மூட்டமாக இருந்தது.

"எங்க அடிக்குது?"

"அடிக்குமுங்க. அடிக்காம எங்க போயிரும்?" என்று சொல்லிவிட்டுச் சாணிக் கூடையோடு உள்ளே போனாள்.

எங்கள் மதிலிலிருந்து அவள் கொட்டகை இருபத்திரண்டு தப்படி. அதற்கடுத்த பதினோரு நாளில் ஏழு முறை அவள் எருமையைத் திருப்பிக் கட்டினாள். தற்செயலாக நடந்திருந்தால் ஐந்து, மிஞ்சினால் ஆறு இருக்கலாம். ஏழு என்பது தற்செயல் இல்லை.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எருமை அப்போது ஏழு மாதச் சினை. சினை மாட்டை வெளியாள் உற்றுப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காது. எத்தனை மாதம் என்று கேட்டால்கூட மழுப்புவார்கள். பாவாயிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கணவன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனவன், வருடத்துக்கு இரண்டு முறை வருவான். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே எருமை. கிடேரிக் கன்றாகப் போட்டால் இரண்டு எருமை ஆகிவிடும் என்று கோயிலுக்கு வேண்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த எருமையைத்தான் நான் தினமும் ஒரு மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோடு வருதுங்களா?

போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்றில் கையெழுத்து இல்லை. "இந்த வயதில் உமக்கு எதற்கு ஓவியம்?" என்று மட்டும் இருந்தது. எழுத்து எனக்குப் பழக்கமானதாகத் தெரிகிறது. இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வரைவாளனாக இருந்தவன். ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டு ஆகிறது. எருமப்பட்டிக்கு வடக்கே, மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறேன். சில காலமாக வலது கையில் மூன்று விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. டாக்டர் ரப்பர் பந்து வாங்கி அழுத்தச் சொன்னார். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னதால் எனக்குப் பந்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. பென்சிலை எடுத்தேன்.

வீடு, கிணறு, வரப்பு, வாய்க்கால் எல்லாம் முப்பத்து நான்கு ஆண்டு வரைந்தாயிற்று. மூச்சு விடுகிற எதையும் வரைந்ததில்லை. அதனால் எருமை.

நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்த முதல் நான்கு நாளில் ஏழு பேர் மதிலோரம் வந்து நின்றார்கள். ஏழு பேரும் கேட்டது ஒன்றுதான்.

"ஏனுங்க சார், ரோடு வருதுங்களா?"

"இல்லீங்க. எருமை வரையறேன்."

"எருமையை எதுக்குங்க கவருமெண்டு வரையுது?"

நான் ஓய்வு பெற்றவன் என்று சொன்னால், ஓய்வு பெற்றவரை எதற்காக மறுபடி கூப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் தெற்குக் காட்டுக்காரர் ஒருவர் தன் வேலியை ஒரு முழம் உள்ளே நகர்த்திக்கொண்டார். நான் அவரிடம் எதுவுமே கேட்கவில்லை.

குப்புராஜ் சொன்னது

என் எருமை எருமையாகவே இல்லை. தோல் உரித்து ஆணியடித்த மாதிரி தாளில் தட்டையாகக் கிடந்தது. கால்கள் நான்கும் ஒரே வரிசையில் நின்றன. கைப்பேசியில் ஓவியம் கற்றுக்கொடுக்கிற ஓர் ஆளைப் பார்த்தேன். அவர் மூன்று நிமிடத்தில் ஒரு குதிரையை முடித்தார். படத்தை வேகமாக ஓட்டுகிறார் என்று கண்டுபிடித்ததும் விட்டுவிட்டேன்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் குப்புராஜ் என்று ஓர் ஓவியர் இருக்கிறார். அவர் கைவண்ணத்தை நான் ஏற்கெனவே அறிவேன். ஒரு முறை பஸ்ஸில் போகும்போது முன்னால் போன லாரியின் பின்பலகையில் ஒரு பசு இருந்தது. பிரேக் போடும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் ஏறிவிடும் போலத் தோன்றியது. விசாரித்து அவர் பெயரைத் தெரிந்துகொண்டேன். என் தாளைச் சுருட்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் வாங்கித் தலைகீழாக ஒரு முறை, நேராக ஒரு முறை பார்த்தார்.

"சார் எதுல வேலையா இருந்தீங்க?"

"சர்வேயில."

"அதான பாத்தேன். இது எருமையில்லீங்க சார். எருமையோட வரப்பு. உள்ள எறங்கி வெள்ளாமையே வெக்கலாம்."

பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"முதுகுக்கு ஒரே கோடு போடாம எதுக்குங்க இத்தன கீறல்?"

"நாற்பத்தேழு," என்றேன்.

"எண்ணுனீங்களா?"

"எண்ணினேன்."

இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பட்டறை வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே மூட்டை ஏற்றித் தார்ப்பாய் மூடிக் கயிறு கட்டிய லாரி ஒன்று பலகை ஒட்டுப்போட வந்து நின்றது.

"அந்தக் கயித்தப் பாருங்க சார். எங்க ஏறுது, எங்க எறங்குது, எங்க அந்தப் பக்கம் மறையுது. உள்ள மூட்டைய எப்படி அடுக்கியிருக்குதுன்னு கயிறே சொல்லீரும். எருமைக்கும் அப்படிப் போடுங்க. நெஞ்சு ஒரு பீப்பாய். இடுப்பு ஒரு பொட்டி. நடுவுல வவுறு சாக்கு மாதிரித் தொங்குது. அது மேல கயிறு எப்படிப் போவும்னு நெனச்சு நெனச்சுப் போடுங்க. ஓரத்துக் கோட்டைக் கடைசியாப் பாத்துக்கலாம்."

"எல்லைக்கோடு போடாமல் உள்ளே எப்படி வேலை செய்வது?"

"எருமைக்கு ஏதுங்க எல்லை? அது அந்தப் பக்கமும் இருக்குதல்லோ? நம்ம கண்ணு அதோட நின்னு போவுது, அவ்வளவுதான்."

கோடு போடுகிற முறையையும் சொன்னார். மணிக்கட்டை ஆட்டக் கூடாதாம், தோள் ஆட வேண்டுமாம். பென்சிலைத் தாளில் படாமல் இரண்டு மூன்று முறை காற்றில் வீசிப் பார்த்து, கை பழகியதும் இறக்க வேண்டுமாம். இறக்கிய பிறகு நிற்கக் கூடாதாம்.

"தப்பாகப் போனால்?"

"போகட்டுமுங்க. அதுக்காக அதையே கீறிக் கீறித் திருத்தாதீங்க. பயந்தது தாள்ல தெரியும்."

முன்பின் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு பொறுமையாக ஏன் சொல்லித் தருகிறார் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

தரையைச் சந்தேகப்படு

அவர் சொன்னது எனக்கு ஏன் கடினமாக இருந்தது என்பதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜலகண்டாபுரம் பக்கம் ஓர் அளவைக்குப் போனோம். தெருவெங்கும் தறிச் சத்தம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நடுவே ஓர் எல்லைக் கல். பழைய வரைபடத்தில் அது ஓர் இடத்தில் இருக்கிறது. தரையில் வேறோர் இடத்தில் இருக்கிறது. நான் தரையில் இருப்பதை அப்படியே குறித்துக்கொண்டு வந்து நின்றேன். தலைமை வரைவாளர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"கல்லுக்குக் கால் முளைக்கும் தம்பி. ராத்திரியில் நகர்த்துவான். தரையும் தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் தரையைச் சந்தேகப்படு."

கோட்டைப் பற்றியும் சொன்னார். வரைபடத்தில் கோடு சற்றே தடித்தால் நிலத்தில் ஒருவனுக்கு இரண்டு முழம் போய்விடும். எனவே கோடு முழுக்க ஒரே மெலிவாக இருக்க வேண்டும், அழுத்தக் கூடாது.

முப்பத்து நான்கு ஆண்டும் அப்படியே செய்தேன். அண்ணன் தம்பி வழக்கில் அவர் சொன்னதுதான் சரியாகவும் இருந்தது. தம்பி கல்லை நகர்த்தியிருந்தான்.

கட்டு

குப்புராஜ் சொன்னபடி பழகினேன். முதல் வாரம் முதுகுக்கு நாற்பத்தேழு கீறல். மூன்றாம் வாரம் பத்தொன்பது. பிறகு ஆறில் வந்து நின்றது.

கோடு எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம் என்று மெல்லப் புரிந்தது. தோள்பட்டைக் கோடு முன்னால் வந்து, கழுத்துக் கோடு அதற்குப் பின்னால் போய் மறைந்தால் தோள் நம் பக்கம் வருகிறது. இரண்டையும் தொட்டு ஒட்டவைத்தால் இரண்டும் செத்துவிடுகின்றன. வயிற்றின் அடியில் நிழல் விழும் இடத்தில் அழுத்த வேண்டும், முதுகில் வெளிச்சம் படும் இடத்தில் கை லேசாகப் போக வேண்டும். அழுத்தும்போதெல்லாம் யாருடைய நிலத்தையோ எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

எல்லாவற்றிலும் கடினம் பசிக்குழி. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, இடப்பக்கம், முதுகுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்குமே, அது. என் கயிறு விலாவின் மேல் ஏறி, அந்தக் குழியில் இறங்கி, இடுப்பெலும்பில் மறுபடி ஏற வேண்டும். எத்தனை தாள் போனாலும் அந்த இறக்கம் வரவில்லை. அறுபத்தெட்டாவது தாளில் வந்தது.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாவாயி மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். தாளில் எருமையின் உடல் முழுக்கப் பதினான்கு கயிற்றுக் கோடு சுற்றியிருந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"என்ற எருமைய எதுக்குங்க இத்தன கயித்துல கட்டியிருக்கறீங்க?"

"கட்டவில்லை அம்மிணி. இது உருண்டை தெரிவதற்கு."

"வவுத்து மேலயே அஞ்சு கட்டு இருக்குதுங்க."

"ஆறு," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

மந்திரக் கட்டு என்று அவள் நினைத்திருக்கிறாள். மறுநாள் எருமையின் கழுத்தில் கறுப்புக் கயிறு ஏறியது. கொட்டகை முகப்பில் ஒரு பழைய செருப்பு தொங்கியது, குதிகால் என் வீட்டைப் பார்த்தபடி. என் மனைவி சரோஜா, "இனிமேலாவது ஊட்டுக்குள்ள உக்காந்து ஒரு சொம்பையோ கொடத்தையோ வரைங்களேன்," என்றாள். பாவாயி இவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது.

மூன்று பத்து

மழை பிடித்த ஒரு வாரம். வைக்கோல் நனைந்துவிட்டது. பாவாயி ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையிலிருந்து ஈரத் திப்பி வாங்கிப் போட்டாள். மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. சினை மாடு பசியாக இருக்கிறதே என்று வழக்கத்தைவிட நிறையப் போட்டிருக்கிறாள். இது பிறகு டாக்டர் விசாரித்தபோது தெரிந்தது.

பிற்பகல் மழை விட்டிருந்தது. பாவாயி பால் சொசைட்டிக்குத் தீவனச் சீட்டு வாங்கப் போயிருந்தாள். எருமையின் இடப்பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. நான் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து தாள் மூலையில் நேரம் எழுதினேன். மூன்று பத்து.

அன்று கை நன்றாக இருந்தது. இரண்டு முறை காற்றில் வீசினேன், இறக்கினேன். விலாவில் ஏறிய கோடு நிற்காமல், நடுங்காமல் ஒரே வீச்சில் இடுப்பெலும்பு வரை போயிற்று. முதல் முறையாக ஒன்று. ஆறு இல்லை, ஒன்று.

ஆனால் அது குழியில் இறங்கவில்லை. மேலே எழும்பி, பிதுங்கிப் போயிருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை வாரம் பாடுபட்டுப் பிடித்த இறக்கம் எங்கே போயிற்று? முந்தைய நாளின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் குழி தெளிவாக இருந்தது. எருமையைப் பார்த்தேன், குழி தெரியவில்லை. வெளிச்சக் குறைவு என்று நினைத்தேன். பாவாயி கொட்டகைக்குள் கல்லையோ பலகையையோ போட்டு எருமையைச் சாய்வாக நிற்க வைத்திருப்பாள் என்றும் நினைத்தேன். தாளையும் தரையையும் ஒப்பிட்டு, தரையைச் சந்தேகப்பட்டேன்.

அந்தக் கோட்டை அழித்துவிட்டுக் குழியோடு போட்டேன். எருமையைப் பார்த்தால் ஒத்துவரவில்லை. மறுபடி கை தானாகப் பிதுக்கம் போட்டது, மறுபடி அழித்தேன். மூன்று முறை. எருமை பின்னங்காலால் வயிற்றை உதைத்தது. அசையாமல் நிற்கமாட்டேன் என்கிறதே என்று அதையும் திட்டினேன். கடைசியில் நேற்றைய தாளைப் பார்த்தே இன்றைய எருமையை முடித்தேன். மூன்று ஐம்பது. தேநீர் குடிக்க உள்ளே போனேன்.

நாலு மணி தாண்டியதும் பாவாயியின் அலறல் கேட்டது. "ஐயோ சாமி, ஆராச்சும் ஓடியாங்களே!"

ஓடினேன். எருமை படுத்து, கால்களை நீட்டி, நாக்கை வெளியே தள்ளியிருந்தது. இடப்பக்க வயிறு முரசு போல எழும்பியிருந்தது. மாட்டு டாக்டர் மோட்டார் சைக்கிளில் வர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. தடித்த குழல் ஊசி ஒன்றை, என் பசிக்குழி இருக்க வேண்டிய சரியான இடத்தில், குத்தினார். காற்று சீறிக்கொண்டு வந்தது. புளித்த வாடை.

"எப்பருந்து இப்படி ஊதியிருக்குது?" என்று கேட்டார்.

"தெரியலீங்களே, நான் வந்து பாக்கையிலயே இப்படித்தாங்க கெடந்துது," என்று பாவாயி அழுதாள்.

எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

எருமை பிழைத்தது. மூன்றாம் நாள் விடியும்போது கன்று செத்துப் பிறந்தது. கிடேரி. உப்புசத்தாலும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அழித்த இடம்

என் கண் பட்டுத்தான் கன்று போயிற்று என்று பாவாயி குழாயடியில், சொசைட்டியில், ரேஷன் கடையில் சொன்னாள். கண் என்பது வெளிச்சத்தை வாங்குகிற உறுப்பு, எதையும் வெளியே அனுப்பாது என்று நான் பதினொரு பேரிடம் விளக்கினேன். வாதம் நன்றாகவே இருந்தது. யாரும் மறுக்கவில்லை, யாரும் நம்பவும் இல்லை.

ஒரு நாள் சரோஜா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு எத்தன மணிக்கு வரைய உக்காந்தீங்க?"

"ஞாபகமில்லை," என்றேன்.

நாற்பத்தாறு ஆண்டில் அவளிடம் ஒரு நேரத்தை ஞாபகமில்லை என்று சொன்னது அதுதான் முதல் முறை. அவள் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு நான் சொல்லும் எந்தக் கணக்கையும் அவள் இன்னொரு முறை கேட்டுச் சரிபார்க்கிறாள்.

இந்தத் தொடரில் இதை எழுதுவதா விடுவதா என்று பல வாரம் தள்ளிப்போட்டேன். எழுதினால் யாராவது பாவாயிக்குப் படித்துக் காட்டுவார்கள். அப்படித் தெரிவது இன்னும் கேவலம். எனவே இந்த வாரம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதத்தில் நாங்கள் பேசுவது அப்போதுதான்.

அவள் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பது வரை நான் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். வயிறு எழும்பியிருந்தது, என் கோடு தப்பு என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

"காட்டுங்க," என்றாள்.

தாளை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். மூலையில் இருந்த நேரத்தைப் படித்தாள். பிறகு எருமையின் முதுகில் விரலை வைத்து, விலா வழியாக மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தாள். நான் அழுத்தி வரைந்த குழிக்குள் விரல் இறங்கவில்லை. அதற்கு மேலே, அழித்த இடத்தில், தாள் மங்கிய சாம்பல் நிறமாக இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் பென்சில் தாளில் பதித்த தடம் போவதில்லை. அந்தத் தடத்திலேயே விரல் மேலேறிப் போயிற்று. நான் வரைந்தவற்றில் பயமில்லாத கோடு அது ஒன்றுதான்.

"இதா இருக்குதுங்களே," என்றாள். "மொதல்லயே தெரிஞ்சுதுங்களா உங்களுக்கு?"

"கைக்குத் தெரிஞ்சுது அம்மிணி. நான் நம்பல."

அவள் தாளிலிருந்து விரலை எடுத்தாள்.

"உங்க கண்ணு பட்டுப்போச்சுன்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கண்ணு பட்டிருந்தாக்கூடப் போவுதுன்னு உட்டுருவனுங்க. பாத்துப்போட்டு, இருபத்திரண்டு எட்டு எந்திரிச்சு வரலீங்களே."

தூரம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவள் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.